குஸ்குஸ் பக்கெட்டும் நீத்துப்பெட்டியும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் கீழே இலக்கமிட்ட பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முழுவதையும் வாசித்தால் எங்களுக்குச் சந்தோசம்.

ஒவ்வொரு நோன்புக்கும் கைபேசியில் ஒரு புதுச் சாப்பாடு சுற்றத் தொடங்கும். இப்போது சுற்றுவது மொரோக்கோ குஸ்குஸ் சலட். பொன்னிற மணிகள், பச்சை இலை, சிவப்புத் தக்காளி, மேலே தேசிக்காய்ச் சாறு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். "மன்னாரில் குஸ்குஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? பக்கெட் என்ன விலை?" சிலர் கொழும்பில் இருந்து வருபவர்களிடம் சொல்லி விடுகிறார்கள். சிலர் விலையைப் பார்த்துவிட்டு, இது காசுக்காரர் சாப்பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கெட்டைத் தேடி யாரும் அலையத் தேவையில்லை. குஸ்குஸ் என்பது மாவைக் கையாளும் ஒரு முறை. அந்த முறை எங்கள் குசினியில் பல தலைமுறையாக இருக்கிறது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் பிட்டு. மொரோக்கோக்காரரிடம் நாங்கள் படிக்க வேண்டியது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில், குஸ்குஸ் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். அங்கே உம்மாமார் அகலமான தட்டில் கோதுமை ரவையைக் கொட்டுகிறார்கள். அதன்மேல் உப்புத் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மெல்லிய மா தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டுகிறார்கள். மா சிறு மணிகளாகத் திரளும். அரிதட்டில் அரித்து, பெரியதைப் பிரித்து மறுபடி உருட்டுகிறார்கள். பிறகு அடியில் துளைகள் உள்ள பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் கறிப்பானையின் மேலே வைத்து ஆவியில் அவிக்கிறார்கள். இறக்கி, உதிர்த்து, மறுபடி தண்ணீர் தெளித்து, இரண்டாம் மூன்றாம் முறையும் அவிக்கிறார்கள். பழைய காலத்தில் அந்த ஆவிப் பாத்திரத்தைப் புல்லால் பின்னிச் செய்த இடங்களும் உண்டு.

இப்போது எங்கள் குசினிக்கு வாருங்கள். மாவில் உப்பும் தண்ணீரும் தெளிக்கிறோம். விரல் நுனியால் பிசிறுகிறோம். கட்டியாக வந்தால் பேணியின் விளிம்பால் கொத்துகிறோம். பனை ஓலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் போட்டு ஆவியில் அவிக்கிறோம். எங்களிடம் தேங்காய்ப்பூ சேரும், அவர்களிடம் சேராது. பெரிய வித்தியாசம் அதுதான். அவர்கள் குஸ்குஸின் மேல் சீனியும் கறுவாத் தூளும் தூவி இனிப்பாகவும் சாப்பிடுவார்கள், அதற்கு சஃபா என்று பெயர். நாங்கள் பிட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும் வைக்கிறோம். வெயில் காலத்தில் அவர்கள் வாற்கோதுமைக் குஸ்குஸில் மோர் ஊற்றிக் குடிப்பார்கள், அதன் பெயர் சைக்கூக். நாங்கள் பழஞ்சோற்றில் மோர் ஊற்றுகிறோம். இடையில் எத்தனை கடல்! ஆனாலும் வெயிலும் வயிறும் ஒன்றுதானே.

கடையில் விற்கும் பக்கெட் குஸ்குஸ் தொழிற்சாலையில் உருட்டி, முன்கூட்டியே அவித்து, காயவைத்தது. அதனால்தான் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் சாப்பிட முடிகிறது. பக்கெட்டின் விலையில் நாங்கள் கொடுப்பது அந்த வசதிக்கும் கப்பலுக்கும் சேர்த்துத்தான். உள்ளே இருப்பது கோதுமை ரவை. இந்தக் கோதுமையும் எங்கள் மண்ணில் விளைவதில்லை.

மொரோக்கோ என்றதும் எங்களுக்கு நினைவு வர வேண்டிய ஒருவர் இருக்கிறார். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் இப்னு பதூதா. 1304 இல் தஞ்சியரில் பிறந்தவர். 1344 இல் மாலைதீவில் இருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவாத மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார். அரசரின் முன்னால் முத்துக்கள் குவிந்திருந்ததையும், புத்தளக் கரையில் கறுவா மரங்கள் ஒதுங்கிக் கிடந்ததையும் அவர் தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். முத்து எங்கள் கடலின் முத்து. கறுவா இன்றும் மொரோக்கோக் குசினியில் மணக்கும் கறுவா.

அதைவிட எங்களுக்கு முக்கியமான செய்தி அவரின் கடைசிப் பயணத்தில் இருக்கிறது. 1352 இல் அவர் சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். அங்கே கிராமத்துப் பெண்கள் கடுகு போன்ற ஒரு சிறு தானியத்தில் குஸ்குஸ் செய்வதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஃபோனியோ என்று இன்று அழைக்கப்படும் தானியம் அது. எங்கள் சாமை, தினைக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். கோதுமைக் குஸ்குஸ் சாப்பிட்டு வளர்ந்த மொரோக்கோக்காரரே, சிறுதானியத்தில் செய்ததையும் குஸ்குஸ் என்றுதான் அழைத்தார். "இது கோதுமை இல்லையே, இது குஸ்குஸ் ஆகாது" என்று அவர் எழுதவில்லை. அப்படியிருக்க, குரக்கனில் செய்தால் குஸ்குஸ் ஆகுமா என்று நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி வரும். பிட்டு எங்களிடம் இருக்கிறது என்றால், குரக்கனும் சாமையும் எங்கள் வீடுகளில் ஏன் இவ்வளவு குறைந்தது?

பல காரணங்கள் உண்டு. நெல் பெருகியது, கடை மா மலிவாகக் கிடைத்தது, அரைக்கும் வேலை பெரிது. எல்லா ஊருக்கும் பொதுவானவை இவை. ஆனால் மன்னார் முஸ்லிம்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். அறுநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இப்னு பதூதா விருந்தாளியாக இறங்கிய அதே புத்தளக் கரைப் பக்கம், நாங்கள் அகதிகளாக இறங்கினோம்.

புத்தளத்து மக்கள் கதவு திறந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் முகாம் முகாம்தான். ஓலைக் குடிசையில் உலர் உணவு நிவாரணம். அரிசி, மா, பருப்பு, சீனி. வந்ததைச் சமைத்தோம். எங்கள் வயதுக்காரர் பலர் அந்த மாவில் சுட்ட ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் குடித்து வளர்ந்தவர்கள். தோட்டம் இல்லாத இடத்தில் கீரைக்கு எங்கே போவது? வல்லாரைச் சம்பலும் குரக்கன் பிட்டும் உம்மும்மாமார் சொல்லும் கதையாக மாறின. காணி இழந்தோம், வீடு இழந்தோம் என்று கணக்கெடுக்கப் படிவங்கள் வந்தன. குசினியில் இழந்ததைக் கணக்கெடுக்க ஒரு படிவமும் வரவில்லை.

2009 க்குப் பிறகு எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கம் என்று பலர் திரும்பி வந்தோம். இன்னும் புத்தளத்தில் இருப்பவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினோம், பள்ளிவாசல் கட்டினோம், பாடசாலை திறந்தோம். சாப்பாட்டுத் தட்டு மட்டும் முகாமில் இருந்தபடியே இருக்கிறது. சோறு நிறைய, மா நிறைய, சீனி நிறைய. கையில் காசு வந்ததும் அதோடு இறைச்சியும் எண்ணெயும் சேர்ந்தது. மரக்கறி மட்டும் திரும்பி வரவில்லை.

இதன் விலையை எல்லா வீடும் கொடுக்கிறது. கிளினிக் கொப்பி இல்லாத வீடு எங்கள் ஊரில் எத்தனை? சீனி வருத்தம் ஒரு காலத்தில் வயதானவர்களின் வருத்தமாக இருந்தது. இன்று எங்களோடு படித்தவர்கள், நாற்பது தாண்டாதவர்கள், மாதம் ஒருமுறை வரிசையில் நின்று மெட்போமின் எடுக்கிறார்கள். கால் புண் ஆறாமல் விரல் எடுத்த வாப்பாமார் இருக்கிறார்கள். பாடசாலை இடைவேளையில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது நாங்கள் பார்க்கிறோம். ரோல்ஸ், பிஸ்கட், கேக், சில நாள் வெறும் பாண். பச்சை நிறம் காண்பது அரிது. உம்மாமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி எல்லா வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுகிற வீட்டில், கடைப் பண்டம் கைகொடுக்கத்தான் செய்யும்.

இப்போது, மொரோக்கோக்காரரிடம் நாங்கள் படிக்க வேண்டியதற்கு வருவோம்.

மொரோக்கோவில் குஸ்குஸ் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. ஜும்ஆ முடிந்து வந்து, குடும்பமாக ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் சஹன் மாதிரியேதான். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கீழே குஸ்குஸ், அதன்மேல் கரட், பூசணி, கோவா, கத்தரிக்காய், நோக்கோல் மாதிரியான கிழங்குகள், கடலை. கசபிளாங்காப் பக்கம் 'ஏழு மரக்கறிக் குஸ்குஸ்' என்றே பெயர். இறைச்சி நடுவில் ஒரு அளவோடு இருக்கும். மரக்கறி மலையாக இருக்கும்.

எங்கள் ஜும்ஆத் தட்டில், வலீமாச் சஹனில், என்ன இருக்கிறது? பிரியாணி, பொரித்த கோழி, ஓரத்தில் ஒரு கிண்ணம் அன்னாசிச் சட்னி. அதையும் பாதிப் பேர் தொடுவதில்லை. ஒரே ஜும்ஆ, ஒரே மாதிரிச் சஹன். தட்டின் உள்ளடக்கத்தில்தான் வித்தியாசம். குஸ்குஸை உருட்டுவது எங்களுக்குத் தெரியும். மரக்கறியைத் தட்டின் நடுவுக்குக் கொண்டு வருவதைத்தான் அவர்களிடம் படிக்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வீடியோவில் வரும் குளிர்ந்த குஸ்குஸ் சலட் மொரோக்கோ வீடுகளின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அல்ல. அவர்கள் சூடாகத்தான் சாப்பிடுகிறார்கள். குளிர்ந்த சலட்டாகச் சாப்பிடும் வழக்கம் ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரான்ஸில், பரவியது. பிரான்ஸில் இருக்கும் உங்கள் உறவுக்காரரைக் கேளுங்கள், கடையில் 'தபூலே' என்று பெட்டியில் விற்பதைச் சொல்வார்கள். அந்தப் பெயரும் லெபனானில் இருந்து வாங்கியது. ஆக, பெயர் ஒரு நாடு, தானியம் ஒரு நாடு, சலட் ஒரு நாடு. எல்லாரும் தங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். மன்னாரும் மாற்றலாம்.

சரி, செய்முறை. ஐந்து ஆறு பேருக்குப் போதும்.

1. தானியம். கீழே உள்ளவற்றில் வீட்டில் எது இருக்கிறதோ அது. அவித்த பிறகு மூன்று கோப்பை அளவு வந்தால் போதும்.

குரக்கன்: ஒரு கோப்பை குரக்கன் மா, அரைக் கோப்பை வறுத்த அரிசி மா, உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசிற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். பேணியால் நன்றாகக் கொத்திச் சிறு மணிகளாக்குங்கள். தேங்காய்ப்பூ வேண்டாம், சேர்த்தால் சலட் சீக்கிரம் பழுதாகும். நீத்துப்பெட்டியில் பதினைந்து நிமிடம் அவித்து, சுளகில் அல்லது அகலத் தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தெளித்து, சூடு ஆறும் முன்பே விரலால் உதிர்த்துவிடுங்கள். ஆறின பிறகு உதிர்த்தால் கட்டி உடையாது.

சாமை அல்லது தினை: ஒரு கோப்பையைக் கழுவி, இரண்டு கோப்பை தண்ணீரில் உப்புப் போட்டு, மூடி, சிறு நெருப்பில் வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் இறக்கிப் பத்து நிமிடம் மூடியபடி விடுங்கள். பிறகு பரப்பி ஆறவிடுங்கள். வேலை குறைந்த வழி இதுதான்.

ரவை: ஒன்றரைக் கோப்பை பெரிய ரவையை மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, பதினைந்து நிமிடம் ஆவியில் அவியுங்கள். கொட்டி உதிர்த்து, மறுபடி கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இன்னும் பத்து நிமிடம் அவியுங்கள். அசல் குஸ்குஸுக்கு மிகக் கிட்ட வருவது இது.

பக்கெட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வீசிவிட வேண்டாம். ஒரு கோப்பை குஸ்குஸ், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு கோப்பை கொதிநீர். மூடி ஐந்து நிமிடம். முள்ளுக்கரண்டியால் உதிர்த்தால் முடிந்தது.

2. கடலை. முக்கால் கோப்பை கடலையை இரவே ஊறப்போட்டு, மறுநாள் உப்புப் போட்டு மெதுவாக அவித்து வடித்து வையுங்கள். இறைச்சி இல்லாத குறை தெரியாமல் செய்வது இதுதான். கடலை விலை கூடினால் பயறு, கௌபி எதுவும் சரி.

3. மரக்கறி. ஒரு வெள்ளரிக்காய், விதை எடுத்த இரண்டு தக்காளி, துருவிய ஒரு பெரிய கரட், பொடியாக வெட்டிய ஆறு சின்ன வெங்காயம். மல்லி இலை ஒரு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி. புதினா கிடைக்காத நாளில் வல்லாரை போடுங்கள், அருமையாக இருக்கும். பச்சையாகச் சாப்பிடுவதால் இலைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும்.

4. சாறு. இரண்டு தேசிக்காயின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகுத் தூள், கறுவாத் தூள் கால் தேக்கரண்டி, நசுக்கிய ஒரு பல் உள்ளி. மொரோக்கோ மணத்தைக் கொடுப்பது இந்தச் சீரகமும் கறுவாவும்தான். அங்கே உப்பில் ஊறிய எலுமிச்சையைப் பொடியாக வெட்டிச் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டு உப்புத் தேசிக்காய் ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து வெட்டிப் போடுங்கள். அதே சுவை வரும். போத்தலில் விற்பதை வாங்கத் தேவையில்லை.

5. மேலே தூவ. இரண்டு மேசைக்கரண்டி பிளம்ஸ், அல்லது பொடியாக வெட்டிய மூன்று பேரீச்சம்பழம், ஒரு கைப்பிடி வறுத்த கச்சான். சீனி வருத்தம் உள்ளவர்களின் பங்கில் பிளம்ஸும் பேரீச்சம்பழமும் வேண்டாம், கச்சான் போதும்.

6. கலத்தல். ஆறிய தானியத்தில் முதலில் சாறை ஊற்றிக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கடலை, கடைசியாக மரக்கறியும் இலையும். மரக்கறியை முதலிலேயே உப்போடு கலந்தால் தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகும். இப்தாருக்கு என்றால் அஸருக்குப் பிறகு கலந்தால் போதும். எங்கள் வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இதில் ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். தானியம் ஒரு பங்கு என்றால் மரக்கறியும் கடலையும் இலையும் சேர்ந்து குறைந்தது ஒன்றரைப் பங்கு. அந்தக் கணக்கு மாறினால் இதுவும் இன்னொரு மாச் சாப்பாடுதான். குஸ்குஸ் மருந்து அல்ல. கோதுமையில் செய்தால் கோதுமையின் மாச்சத்து அப்படியே இருக்கிறது. குரக்கனிலும் மாச்சத்து உண்டு. அளவோடு எடுத்து, கடலையும் மரக்கறியும் கூட்டிச் சாப்பிடும்போதுதான் பயன். முகநூலில் வாசித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அதை டொக்டரிடம் கேளுங்கள்.

மன்னாருக்கு ஏற்ற ஒரு சேர்க்கையும் உண்டு. தூனிசியாவின் கடற்கரை ஊர்களில் குஸ்குஸை மீனோடு சாப்பிடுவார்கள். எங்கள் கரையில் மீனுக்கா பஞ்சம்? சூரை அல்லது பாரையில் ஒரு துண்டை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, முள் எடுத்து உதிர்த்து, சாப்பிடும் நேரத்தில் மேலே போடுங்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இதை வாசித்ததும் வரப்போகும் பேச்சுகள் எங்களுக்குத் தெரியும். மூன்றுக்கு மட்டும் இப்போதே பதில்.

"சோறு இல்லாமல் வயிறு நிறையாது." உண்மைதான், பழக்கம் அப்படி. அதனால் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைச் சஹனில் பிரியாணியைக் கால்வாசி குறைத்து, அந்த இடத்தில் இந்தச் சலட்டை வையுங்கள். ஓரத்துக் கிண்ணத்தில் வைத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். சஹனிலேயே வையுங்கள், கை தானாகப் போகும். நோன்பு துறந்த பிறகு கஞ்சியோடு ஆறு ஏழு எண்ணெய்ப் பண்டம் வைக்கிற இடத்தில் இரண்டைக் குறைத்து இதை வையுங்கள்.

"எங்களுக்கு ஏன் அரபுச் சாப்பாடு? ஏற்கெனவே எங்களை அரபுக்காரர் ஆகிறார்கள் என்று சொல்கிறார்களே." 2019 க்குப் பிறகு இந்தப் பயம் எங்களுக்குள் இருப்பது புரிகிறது. ஆனால் குஸ்குஸ் வட ஆபிரிக்காவின் அமாசிக் மக்களிடம் இருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். 2020 இல் அல்ஜீரியா, மொரித்தானியா, மொரோக்கோ, தூனிசியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து அதை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் பதிந்தன. எல்லைத் தகராறு உள்ள நாடுகள்கூட ஒரு சாப்பாட்டுக்காக ஒரே தாளில் கையெழுத்து வைத்தன. நாங்களும் பிட்டை யாருடைய பிட்டு என்று சண்டை பிடிப்பதில்லையே. தமிழர் வீட்டிலும், சிங்களவர் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் அவிகிறது. இந்தச் சலட்டில் இறைச்சி இல்லை, முட்டை இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க அயலவருக்கும், விரத நாளில் (வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் செய்து) இந்து அயலவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பலாம். மன்னாரில் கிண்ணம் போய்த் திரும்பி வருவது புதுப் பழக்கமா என்ன?

இதே விடயத்தில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சில நாளில் "குஸ்குஸ் சுன்னத்தான உணவு" என்று ஒரு செய்தி கைபேசிக்கு வந்தாலும் வரும். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வாற்கோதுமையில் செய்யும் தல்பீனா பற்றி ஹதீஸ் இருக்கிறது. அதைக் குஸ்குஸுக்கு ஒட்டக்கூடாது. ஒரு சாப்பாடு நல்லது என்று சொல்ல அது நல்லதாக இருந்தால் போதும்.

"இதையெல்லாம் யார் செய்வது?" மூன்றிலும் நியாயமான கேள்வி இதுதான். கேட்பது பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்குத்தான் வேலை கூடும். இதற்கு எங்கள் பதில் நேரானது. இந்தச் சலட்டில் நெருப்புக்குக் கிட்டப் போகும் வேலை கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் கழுவுதல், வெட்டுதல், துருவுதல், கலத்தல். பத்து வயதுப் பிள்ளை கரட் துருவும். வாப்பா வெங்காயம் வெட்டலாம், கண் கொஞ்சம் எரியும், பரவாயில்லை. நானாமார் தேசிக்காய் பிழியலாம். ஜும்ஆவுக்குப் போய் வந்து சாப்பாடு எங்கே என்று கேட்பதற்கு முன், போகும் முன்னமே மரக்கறி வெட்டி வைத்துவிட்டுப் போகலாம். பரக்கத் அந்த வீட்டுக்கும் வரும்.

ஆசிரியர்களாக எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மனைப் பொருளியல் பாடத்தில் சமநிலை உணவு என்று படம் கீறச் சொல்கிறோம். பிள்ளை அழகாகக் கீறி, நிறம் தீட்டி, புள்ளியும் வாங்கிக்கொண்டு, வீட்டில் வெறும் மாச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறது. தவணைக்கு ஒருமுறையாவது வகுப்பில் ஒரு நீத்துப்பெட்டி வைத்து, குரக்கன் மா பிசிறக் காட்டலாம். ஊரில் உள்ள ஒரு உம்மும்மாவை அழைத்து, அவரிடமே கேட்டுப் படிக்கலாம். நீத்துப்பெட்டி பின்னத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன, பனை நிறைந்த தீவில். இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தார் என்பதையும், அவர் நாட்டுக் குஸ்குஸும் எங்கள் பிட்டும் ஒரே வேலை என்பதையும் ஒரே பாடத்தில் சொன்னால், அந்தப் பிள்ளை இரண்டையும் மறக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருகிற நான்கு வெள்ளிக்கிழமைகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். கடைக்குப் போகாமல், வீட்டில் உள்ள தானியத்தில், வீட்டில் உள்ள மரக்கறியில் செய்து பாருங்கள். எந்தத் தானியத்தில் செய்தீர்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா, என்ன மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள். முக்கியமாக, வெளியேற்றத்துக்கு முன் மன்னாரில் சமைத்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அன்று எந்த மாவில் எப்படிப் பிட்டு அவித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வைக்க நாங்கள் ஆயத்தம். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அல்லாஹ் எங்கள் உணவில் பரக்கத்தையும், எங்கள் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும் தருவானாக. ஆமீன்.